பனி எத்தனை அடி? தண்ணீர் எத்தனை அங்குலம்?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையைப் பற்றிக் கேளுங்கள் என்று ஆசிரியர் போன இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டாலும் போட்டார், கடிதங்கள் குவிந்துவிட்டன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நீரியல் படித்தவள் இல்லை. வேலை கணக்கு அலுவலகத்தில். 22 வருடமாக லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த மலைக்குக் கிளம்பிவிடுவேன், அவ்வளவுதான். வழி தவறியிருக்கிறேன், வழுக்கி விழுந்திருக்கிறேன், ஒரு தடவை ஆற்றோடு போகவும் பார்த்தேன். பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி இதுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: குளிர்காலம் வந்தால் வானொலியில் ‘ஸ்னோபேக் (மலையில் சேர்ந்து கிடக்கும் பனி) சராசரியில் இத்தனை சதவீதம்’ என்கிறார்கள். எதில் சதவீதம், பனியின் உயரத்திலா? பக்கத்து வீட்டுக்காரர் ‘தாஹோ ஏரிப் பக்கம் பத்து அடி பனி, இனி தண்ணீர்க் கவலை இல்லை’ என்கிறார். நம்பலாமா அக்கா?
(சாக்ரமெண்டோ வாசகி)

உயரத்தில் இல்லை. பத்து அடி என்பது பனிச்சறுக்குக்குப் போகிறவருக்கு நல்ல செய்தி. தண்ணீர்க் கணக்குக்கு அது போதாது. பஞ்சு மூட்டையையும் மணல் மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இரண்டும் ஒரே உயரம்’ என்று சொல்வதில் என்ன பயன்? புதிதாக விழுந்த பனி பஞ்சு. பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஏறத்தாழ ஒரு அங்குலத் தண்ணீர் தேறும். அதே பனி மூன்று மாதம் கிடந்து, அமுங்கி, பகலில் இளகி இரவில் இறுகி, வசந்தம் வரும்போது மணல் மூட்டை ஆகிவிடும். அப்போது பத்து அங்குலத்தில் நாலு அங்குலத் தண்ணீர் இருக்கும். சதவீதம் சொல்வது இந்தத் தண்ணீரை வைத்துத்தான். எல்லாவற்றையும் இப்போதே உருக்கினால் எத்தனை அங்குலத் தண்ணீர் நிற்கும் என்பதே கணக்கு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே ஆற்றுக்கு வரப்போவதையே அளக்கிறார்கள். அளக்கும் கருவி ஒரு அலுமினியக் குழாய். குளிர்காலப் பயிற்சி வகுப்பு ஒன்றில் அதைக் கையில் பிடிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அடிமுனையில் ரம்பம் மாதிரிப் பற்கள், பக்கவாட்டில் நீளநீளமாகத் துளைகள். நேராகக் குத்தித் திருகித் திருகி இறக்க வேண்டும். நடுவில் கடினமான அடுக்கு வந்தால் குழாய் நின்றுவிடும், முழு எடையையும் கொடுத்தால் ‘கர்ரக்’ என்று உடைத்துக்கொண்டு இறங்கும். வெளியே எடுத்தால் முனையில் ஒரு சிட்டிகை மண்ணும் காய்ந்த ஊசியிலையும் ஒட்டியிருக்க வேண்டும். மண் வரவில்லை என்றால் தரையைத் தொடவில்லை, மறுபடி குத்து! அப்புறம் குழாயைப் பனியோடு சேர்த்துத் தராசில் தொங்கவிடுவார்கள். வெறும் குழாயின் எடையைக் கழித்தால் மிச்சம்தான் பனி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குழாய் முனையின் உள்விட்டம் 1.485 அங்குலம். ஏன் இப்படி ஒரு கோணல் எண்? அந்த அளவு இருந்தால் உள்ளே இருக்கும் பனி ஒரு அவுன்ஸ் கூடும்போதெல்லாம் தண்ணீர் ஒரு அங்குலம் கூடும். எடையைப் படித்தாலே விடை, பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், இப்படி ஒரு குழாயைச் செய்தவரை அங்கேயே கும்பிட்டுவிட்டேன்.

இந்த முறைக்கு வழிபோட்டவர் ஜேம்ஸ் சர்ச். 1900களின் தொடக்கத்தில் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். தாஹோ ஏரிக்கு அருகில் இருக்கும் மவுண்ட் ரோஸ் மலையில் குளிர்காலத்தில் ஏறி இறங்கி, குழாயால் பனியை நிறுத்துப் பார்த்து, வசந்தத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லிக் காட்டினார். இன்றைய குழாய் அவருடையதிலிருந்து பிறந்ததுதான்.

இப்போது மலை முழுக்கத் தானியங்கி உணரிகள் இருக்கின்றன. தரையில் தலையணை மாதிரி ஒன்றைப் பதித்து, மேலே ஏறும் பனியின் எடையை அதுவே சொல்ல வைக்கிறார்கள். 2013 முதல் விமானத்திலிருந்து லேசர் போட்டும் அளக்கிறார்கள். ஆனாலும் மாநில நீர்வளத் துறை மாதம் ஒரு முறை நெடுஞ்சாலை 50 ஓரத்தில், சுமார் 6,800 அடி உயரத்தில் இருக்கும் பிலிப்ஸ் நிலையத்துக்குப் பத்திரிகையாளர்களையும் கூட்டிக்கொண்டு போய் அதே குழாயைக் குத்துகிறது. ஏப்ரல் 1ஐ ஒட்டிய அளவுதான் முக்கியம். பனி உச்சத்தில் இருப்பது அப்போதுதான், அதற்குப் பிறகு இறங்குமுகம்.

அந்த ஒரே புல்வெளியின் இரண்டு ஏப்ரல்களைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1 அன்று அங்கே பனியே இல்லை. அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்லில் நின்றபடி நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். மாநில அளவில் பனி சராசரியில் 5 சதவீதம். 2023 ஏப்ரல் 3 அன்று அதே இடத்தில் 126.5 அங்குலப் பனி, அதற்குள் 54 அங்குலத் தண்ணீர். மாநில அளவில் சராசரியில் 237 சதவீதம். 54ஐ 126.5ஆல் வகுத்துப் பாருங்கள், 43 சதவீதம் வரும். மணல் மூட்டை என்று சொன்னது அதைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். டிசம்பரில் சொல்லும் சதவீதத்தை நம்பித் துள்ள வேண்டாம். 2021 டிசம்பர் முடிவில் அந்தத் தேதிக்கான சராசரியில் 160 சதவீதம் இருந்தது. நானும் துள்ளினேன். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் கையை விரித்துவிட்டது, ஏப்ரல் 1 அன்று 38 சதவீதம். மாநிலத்தின் தண்ணீர்த் தேவையில் சுமார் 30 சதவீதம் இந்தப் பனியிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: சமவெளியிலிருந்து போகும்போது மலை எங்கே தொடங்குகிறது என்றே தெரிவதில்லை. கிழக்குப் பக்கம் லோன் பைன் ஊரிலிருந்து பார்த்தால் சுவர் எழுப்பிய மாதிரி நிற்கிறது. ஒரே மலைதானே?
(சான் ஹோசே வாசகர்)

ஒரே மலைதான். தரையில் பதித்த ஒரு பெரிய பலகையின் கிழக்கு ஓரத்தை மட்டும் நெம்பித் தூக்கினால் எப்படி இருக்கும்? மேற்கே மெல்லிய சரிவு, கிழக்கே செங்குத்து. சியரா நெவாடா அப்படித்தான், ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளத்துக்கு. நெம்பும் வேலை இன்னும் முடியவில்லை. 1872இல் லோன் பைனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் அந்தக் கிழக்கு விளிம்பில் வந்ததுதான். ஊருக்கு வெளியே நிலம் பிளந்து உயர்ந்த மேடு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

லோன் பைன் சுமார் 3,700 அடியில் இருக்கிறது, எதிரே விட்னி சிகரம் 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் அதற்கு மேல் உயரமில்லை. பழைய புத்தகங்களிலும் உச்சியில் இருக்கும் தகட்டிலும் சில அடி குறைவாக இருக்கும். மலை வளரவில்லை, அளக்கும் முறை மாறியிருக்கிறது. கடலிலிருந்து வரும் மேகம் மேற்குச் சரிவில் மெதுவாக ஏறிக் குளிர்ந்து, கையில் இருப்பதையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். கிழக்கே இறங்கும்போது வெறுங்கை. அதனால்தான் பெரிய ஆறுகள் மேற்கே, பாலைவனம் கிழக்கே.

கேள்வி: அத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு மாமனார் மாமியாரோடு ஆகஸ்டில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போனோம். அருவி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கறை படிந்த பாறை. ஏமாற்றிவிட்டார்களா?
(ஃப்ரீமாண்ட் வாசகி)

யாரும் ஏமாற்றவில்லை அம்மா, நீங்கள் போனது படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு! யோசெமிட்டி அருவியின் உயரம் 2,425 அடி. ஆனால் அதற்குத் தண்ணீர் தரும் ஓடைக்கு மேலே பெரிய ஏரியோ அணையோ இல்லை. பனி உருகினால் விழும், பனி தீர்ந்தால் நிற்கும். பனி குறைந்த வருடங்களில் ஜூலையிலேயே நூலாகிவிடும். அடுத்த முறை மே மாதம் போங்கள். பௌர்ணமியாகவும் பார்த்துக்கொண்டால் கீழ் அருவியின் சாரலில் நிலா வெளிச்சத்தில் வானவில் தெரியும். கண்ணுக்கு வெள்ளை வளையம் மாதிரிதான் தெரியும், கேமராவில் நிறம் வரும். மாமியார் மன்னித்துவிடுவார். ஆகஸ்டுதான் முடியும் என்றால் வெர்னல், நெவாடா அருவிகளுக்குப் போங்கள். மெல்லியதாக இருந்தாலும் அவை வருடம் முழுக்க விழும்.

கேள்வி: ஜூன் கடைசியில் நண்பர்களோடு மலைமேல் இரண்டு நாள் நடை. காலையில் முழங்காலுக்குக் கீழே கடந்த ஓடை, மாலை திரும்பும்போது இடுப்பளவு. ஒரு துளி மழை இல்லை, வானம் நீலமாக இருந்தது. இது எப்படி? கடக்காமல் அக்கரையிலேயே ராத்திரி படுத்துக்கொண்டோம். பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள்.
(சான்டா கிளாரா வாசகர்)

கேலி செய்கிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். நீங்கள் செய்ததுதான் சரி.

மழை வேண்டியதே இல்லை, வெயிலே மழை. பனியைப் பெரும்பாலும் உருக்குவது சூடான காற்று இல்லை, நேர் வெயில். காலையில் இரவுக் குளிரில் மேற்பரப்பு ஓடு மாதிரி இறுகியிருக்கும். பத்து மணிக்கு மேல் இளகத் தொடங்கி மதியம் உச்சத்துக்குப் போகும். உருகிய தண்ணீர் உடனே ஓடைக்கு வந்துவிடாது. பனிக்குள்ளேயே கசிந்து இறங்கி, பாறை இடுக்கில் புகுந்து, சின்னச் சின்ன வாய்க்காலாகக் கூடி வருவதற்குள் மாலை ஆகிவிடும். அதனால் மலைமேல் ஓடைகள் விடியற்காலையில் மெலிந்தும் மாலையில் பெருத்தும் இருக்கும். இன்னும் கீழே போகப்போக இந்தத் தாமதம் கூடும். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மெர்சட் ஆற்றின் அன்றாட உச்சம் பெரும்பாலும் இரவில்தான் வரும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் மதிய வெயில் கூடாரத்தைக் கடந்துபோகும்.

இது எனக்கும் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததுதான், 2011 வரைக்கும். அந்த வருடம் பனி அதிகம். ஜூலை இரண்டாவது வாரம் ஜான் மியூர் பாதையில் எவல்யூஷன் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவளான அலுவலகத் தோழி கூட இருந்தாள். மணி நாலரை. காலையில் கடந்திருக்க வேண்டியது. வழியில் ஒரு புல்வெளியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தோம், அதுதான் காரணம். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் மேலே போனால் புல்வெளியில் ஆறு விரிந்து அமைதியாக ஓடும், அங்கே கடக்கலாம் என்பதும் தெரியும். அரை மணி நேர நடைக்குச் சோம்பல்பட்டேன்.

தண்ணீர் தெளிவாக இருந்தது, அடிக்கல் எண்ணலாம் போல. அதுதான் ஏமாற்று வேலை. இறங்கிய பத்து நொடியில் கணுக்கால் எலும்பு வலித்தது, வலி போய் மரத்தது, அப்புறம் கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. நடு ஓடையில் தண்ணீர் தொடைக்கு ஏறியபோது ஒரு சத்தம். காதில் கேட்டது என்பதைவிட ஷூவின் அடிப்பாகம் வழியாகக் கேட்டது என்று சொல்ல வேண்டும். ‘டொக்… டொக்’ என்று, யாரோ அடியில் மரக்கதவைத் தட்டுவது போல. தண்ணீருக்கு அடியில் பாறைகள் உருண்டுகொண்டிருந்தன. தெரிந்ததும் செய்யக்கூடாததைச் செய்தேன். வேகமாகப் போய்விடலாம் என்று காலைத் தூக்கினேன். “அக்கா, காலைத் தூக்காதீங்க! தேய்ச்சுத் தேய்ச்சு நகருங்க!” என்று அவள் கத்தியது கேட்டது, அதற்குள் நான் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். ஒரு ஊன்றுகோல் போனது. இடுப்புப் பட்டையை முன்பே கழற்றிவிட்டிருந்ததால் மூட்டை ஒரு தோளிலிருந்து நழுவியது, என்னை அமுக்கவில்லை. ஒரு பாறையின் பின்னால் ஒதுங்கிய தேங்கலில் முழங்கால் தட்டி நின்றேன். அவள் என் மூட்டையின் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். வந்த கரைக்கே திரும்பி நடுங்கிக்கொண்டு படுத்தோம். மறுநாள் காலை ஆறரைக்கு அதே இடம், தண்ணீர் முழங்காலுக்கு. இரண்டு நிமிடத்தில் கடந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

2017உம் பனி கொழித்த வருடம். அந்தக் கோடையில் இதே மலையில் நெடுநடைக்கு வந்த இரண்டு பேர் வெவ்வேறு ஆறுகளைக் கடக்கும்போது இறந்துபோனார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நமக்குத் தெரிந்த பழமொழிதான். இங்கே நேரம் தெரியாமலும் விடக்கூடாது.

கடந்தே ஆக வேண்டும் என்றால் சில விஷயங்கள். குறுகலான இடம் ஆசை காட்டும், அங்கேதான் ஆழமும் வேகமும். அகலமாக விரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். கீழே நூறு அடிக்குள் அருவியோ, விழுந்து கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம். மரக்கிளை சல்லடை மாதிரி, தண்ணீர் போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். ஷூவைக் கழற்றாதீர்கள். மூட்டையின் பட்டைகளைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னால் ஊன்றி, ஒரு காலை நகர்த்தி ஊன்றிய பிறகே அடுத்த கால். தொடைக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள். ஒரு ராத்திரி கரையில் படுப்பதற்குப் பெயர் பயம் இல்லை.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் ஆற்றில் இறங்கிக் குளித்தால் என்ன ஆபத்து?
(பேக்கர்ஸ்ஃபீல்ட் வாசகர்)

உங்கள் ஊர் வாசலிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் முகப்பில் ஒரு பலகை இருக்கிறதே, 1968 முதல் அந்த ஆறு வாங்கிய உயிர்களின் எண்ணிக்கையோடு. 300ஐத் தாண்டியாகிவிட்டது. அதில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. உருகிய பனித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக வாயைத் திறந்து இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். மயக்கம் வர ஒரு மணி நேரம் ஆகலாம், ஆனால் விரல் மடங்காதவனுக்கு அந்த மணி நேரம் எதற்கு? வெளியே எத்தனை டிகிரி என்பது தண்ணீருக்குத் தெரியாது. வெயில் கொளுத்தும் நாளில்தான் மேலே உருகுவதும் அதிகம்.

வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். 2011 ஜூலையில் வெர்னல் அருவியின் உச்சியில் தடுப்பைத் தாண்டி இறங்கிய மூன்று பேரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

கேள்வி: அப்படியானால் ராஃப்டிங், அதுதான் ரப்பர் படகில் ஆற்றோடு பாய்ந்து போவது, அது மட்டும் எப்படிப் பாதுகாப்பு? அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில் ‘இன்று 1,500’ என்று எழுதியிருந்தார்கள். என்ன 1,500?
(ஃபோல்சம் வாசகி)

அணைச் செய்திகளில் படித்துப் பழகிய அதே கன அடிதான். வினாடிக்கு 1,500 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் சுமார் 42,000 லிட்டர் உங்களைக் கடந்து போகிறது. அந்த ஆற்றில் கோடை ஓட்டம் பெரும்பாலும் மேலே இருக்கும் அணையின் கையில். மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் தண்ணீரில்தான் படகுகள் போகின்றன, காலையில் திறந்தது கீழே வந்துசேர மணிக்கணக்கு ஆகும். 1,300, 1,500 என்ற அளவில் அது, ஆற்றின் கடினத்தைச் சொல்லும் ஆறு தரங்களில் மூன்றாம் தரம், வழிகாட்டியும் உயிர்காப்புச் சட்டையும் இருந்தால் புதியவரும் போகலாம். ‘ட்ரபுள்மேக்கர்’ என்று ஒரு பாய்ச்சல் வரும், பெயருக்குத் தகுந்த பிள்ளை. நான் மூன்று முறை போனேன், இரண்டு முறை படகுக்குள்ளேயே இருந்தேன். பனி அதிகமான வருடத்தில் மே, ஜூனில் அணை நிரம்பி வழிந்தால் எண் பல மடங்கு ஏறும், அப்போது அதே ஆறு வேறு ஆறு. முன்பதிவு செய்யும்போது தேதியோடு சேர்த்து, அன்றைக்கு எத்தனை கன அடி இருக்கும் என்றும் கேளுங்கள். போகும்போது ஒரு பார்வை பாருங்கள், 1848இல் தங்கம் கிடைத்த கொலோமா அந்தக் கரையில்தான்.

கேள்வி: குலுக்கலில் விட்னி சிகரத்துக்கு ஜூன் 5ஆம் தேதி அனுமதி விழுந்திருக்கிறது! ஒரே நாளில் ஏறி இறங்கும் திட்டம். தினமும் ஐந்து மைல் ஓடுகிறேன். ஓட்டப்பந்தய ஷூ போதுமா?
(சன்னிவேல் வாசகர்)

வாழ்த்துகள். ஷூவைப் பிறகு பார்ப்போம். குலுக்கலுக்கு விண்ணப்பித்தது பிப்ரவரியில், இல்லையா? அப்போது அந்த வருடத்தின் பனிக்கணக்கே முடிந்திருக்காது. காலண்டரில் ஜூன் 5 எல்லா வருடமும் ஒன்றுதான், மலையில் அப்படி இல்லை. யோசெமிட்டி வழியாக மலையைக் கடக்கும், குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும் டியோகா கணவாய்ச் சாலையைப் பாருங்கள். 2015இல் மே முதல் வாரத்திலேயே திறந்தார்கள். 2023இல் ஜூலை 22. பதினொரு வாரம் வித்தியாசம்!

விட்னி பாதை போக வர 22 மைல், 6,000 அடிக்கு மேல் ஏற்றம். சாதாரண வருடத்தில்கூட ஜூன் தொடக்கத்தில் 12,000 அடிக்கு மேல் இருக்கும் 99 வளைவுகள் பனிக்குள் புதைந்திருக்கலாம். அப்போது பக்கத்தில் இருக்கும் செங்குத்தான பனிச்சரிவில் நேராக ஏறுவார்கள். அதற்குக் காலில் முள்தகடு, கையில் பனிக்கோடரி, வழுக்கினால் அந்தக் கோடரியைக் குத்தி நிறுத்தும் பழக்கம், மூன்றும் வேண்டும். கோடரியை வாங்கிவிடலாம், பழக்கத்தை வாங்க முடியாது. இறங்கும்போது உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வந்து கீழே பாறையில் மோதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் உங்களைப் போலவே ஓட்டக்காரர். மூச்சு நன்றாக இருந்தது, முழங்கால் இல்லை.

உச்சியில் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம் அளவுதான். கடல்மட்டத்து வீட்டிலிருந்து கிளம்பி மறுநாளே ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரலாம். ஓடுகிற உடம்பு என்று மலை சலுகை காட்டாது. முந்தைய இரண்டு இரவு உயரத்தில் தூங்குங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனி புற ஊதாக் கதிரைக் கீழிருந்தும் அடிக்கும். நான் ஒரு தடவை நாக்குக்கு அடியில் வெயில்பட்டுத் தோலுரிந்தேன், மூச்சு வாங்க வாயைத் திறந்துகொண்டு நடந்ததில். அனுமதி கையில் இருப்பதால் ஏறியே ஆக வேண்டும் என்று இல்லை. 12,000 அடியில் ட்ரெய்ல் கேம்ப் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாலும் அது நல்ல நாள்தான்.

கேள்வி: ஜூலையில் பார்த்த பனியில் திட்டுத்திட்டாக ரோஸ் நிறம். என் மகள் ‘யாரோ ஜூஸ் கொட்டிட்டாங்க’ என்கிறாள்.
(ஓக்லாண்ட் வாசகி)

அது உயிருள்ள ஜூஸ் என்று சொல்லுங்கள். பனியில் வாழும் நுண்பாசி. வெயிலிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிவப்பு நிறமியைப் போர்த்திக்கொள்கிறது. மிதித்தால் தடம் இன்னும் அடர்ந்த சிவப்பில் விழும், முகர்ந்தால் லேசாகத் தர்பூசணி வாசம் வரும். சாப்பிட வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. அந்த நிறம் வெயிலை இழுத்துக்கொள்வதால் அந்தத் திட்டு மட்டும் சீக்கிரம் உருகிக் குழியாகும்.

கேள்வி: 2023இல் அத்தனை பனி பெய்ததே, உருகிய தண்ணீரெல்லாம் எங்கே போனது?
(ஃப்ரெஸ்னோ வாசகர்)

ஒரு பங்கு உங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்ததே! டுலாரே ஏரி. ஒரு காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே மிகப்பெரிய நன்னீர் ஏரி. கிங்ஸ், கவீயா, டூல், கெர்ன் ஆறுகளைத் திருப்பி, ஏரியை வற்ற வைத்து வயலாக்கினார்கள். வரைபடத்தில் அழித்தாலும் பள்ளம் பள்ளம்தானே. 2023இல் ஆறுகள் பழைய வீட்டைத் தேடி வந்து ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் நிரப்பிவிட்டன. மற்றதில் அணைகளுக்குப் போனது, நிலத்தடிக்கு இறங்கியது, கடலுக்குப் போனது எல்லாம் உண்டு.

கேள்வி: இதையெல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டா? போய்ப் பார்த்துத் திரும்ப எங்களுக்கு லீவு இல்லை.
(பலர்)

உண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் ஆறுகளில் அளவுமானி வைத்து, ஓட்டத்தை வரைகோடாக இணையத்தில் போடுகிறது. யோசெமிட்டியில் ஹேப்பி ஐல்ஸ் பாலத்தருகே மெர்சட் ஆற்றை 1915 முதல் அளக்கிறார்கள். எனக்குத் தினசரி ராசிபலன் அதுதான். காபியோடு திறப்பேன்.

கோட்டின் உயரத்தைவிட வடிவத்தைப் பாருங்கள். ஏப்ரலில் கோடு மெல்ல ஏறும். மே, ஜூனில் ரம்பப் பல் மாதிரி ஒரு நாளைக்கு ஒரு பல் விழும், ஏற்றம் வெயிலுக்கு, இறக்கம் இரவுக்கு. பல் பெரிதாக இருந்தால் மேலே பனி நிறைய இருக்கிறது, நன்றாக உருகுகிறது, ஓடைகளை விடியற்காலையில்தான் கடக்க வேண்டும் என்று பொருள். நடுவில் இரண்டு நாள் பல் மழுங்கினால் மேகமோ குளிரோ, அவ்வளவுதான், ஏமாறாதீர்கள். ஒரு வாரமாக வெயில் இருந்தும் பல் சின்னதாகிக்கொண்டே வந்து கோடு மெல்ல இறங்கினால் பனி தீரப்போகிறது. அப்புறம் கிளம்புவதற்கு முந்தின நாள் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, நீங்கள் கடக்கப்போகும் ஓடையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘பாதை எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் ‘பனி இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். ‘நேற்று யாராவது அந்த ஓடையைக் கடந்தார்களா, எத்தனை மணிக்கு’ என்று கேளுங்கள்.